எம்டன் என்றொரு சொல்

ஆரணியிலே பட்டுத் தறியில் அமர்ந்திருக்கும் தோழரிடம், எவரையும் ஏய்த்துவிடும் கெட்டிக்காரன் ஒருவனைக் காட்டிக் கேளுங்கள். "அவனா? சரியான எம்டனாயிற்றே!" என்பார். பாட்டனார் சொன்னார், தந்தையார் சொன்னார், இவரும் சொல்கிறார். எம்டன் என்பது ஆளா, ஊரா, பேயா, பூதமா? சொல்லுவோரில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்கிறோம் நாம்.

எம்டன், ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊர். அதன் பெயரைத் தாங்கியது ஒரு போர்க்கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். 1873 ஜூன் 16 அன்று ஹானோவர் நகரில், தரைப்படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1891-இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலே பணியாற்றியபோது பற்றிய மலேரியா, ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. 1913-இல் எம்டன் அவர் கைக்கு வந்தது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. தனியே இந்துமாக்கடலுக்குச் செல்ல அனுமதி கேட்டுப் பெற்றார் முல்லர். மூன்று புகைபோக்கி கொண்ட கப்பலில் பொய்யாக நாலாவதொன்றை நிறுத்தினார். தூரத்தில் பார்ப்பவனுக்கு அது பிரிட்டிஷ் கப்பல்! இரண்டே மாதங்களில் ஏறத்தாழ இருபது வணிகக் கப்பல்கள் பிடிபட்டன.

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணியளவில், சென்னைக் கடலோரம் அதிர்ந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சுமார் 130 குண்டுகள். அரைமணி நேர வேலை. கடலுக்கே அரசன் நான் என்று மார்தட்டிய வெள்ளை ஏகாதிபத்தியம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தபோது எம்டன் இருளில் மறைந்துவிட்டது. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ஊரைவிட்டு ஓடினர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரிலே அதன் நினைவுக் கல் இன்றும் உண்டு. வெள்ளையனை யாராலும் அசைக்க முடியாது என்ற மயக்கம் அன்று மாண்டது. அந்த வியப்பே நம் நாவில் ஒரு சொல்லாயிற்று.

செண்பகராமன் அந்தக் கப்பலில் இருந்தார் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அதற்குச் சான்றில்லை; அந்நாளில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் புகழுக்குப் பொய் முட்டு எதற்கு? உள்ள பெருமையே போதும்.

சரி, கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாமா? கூடாது! அன்று குண்டுக்கு இரையானோரில் கவர்னர் உண்டா? கம்பெனி முதலாளி உண்டா? இல்லை. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் கூலிக்கு உழைத்த மாலுமிகள் உண்டு! அதே போர் நெசவாளியின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அந்நாளில் உலகம் வாங்கிய செயற்கைச் சாயத்தில் பெரும்பகுதி ஜெர்மன் ஆலைகளில் தயாரானது. போர் வந்ததும் அந்த வரவு அறுந்தது, சாயவிலை ஏறியது. பேரரசர்கள் மோதினர், பாவு போட்டவன் அபராதம் கட்டினான்.

முல்லர் என்ன ஆனார்? 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை மடக்கியது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். நொறுங்கிய கப்பலைக் கரையில் மோதவிட்டு, எஞ்சியோரைக் காத்தார் தலைவர். மால்டாவில் சிறை, பின்னர் இங்கிலாந்தில் சிறை. 1917-இல் சுரங்கம் தோண்டித் தப்பிய கைதிகளுக்குத் தலைமை தாங்கினார், பிடிபட்டார். 1918-இல் நாடு திரும்பினார். உயர்ந்த விருது கிடைத்தது. பிடித்த கப்பல்களின் மாலுமிகளை மனிதராக நடத்தினார் என்று பகைவரே பாராட்டினர். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1923 மார்ச் 11 அன்று, 49-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய அரசியல் வேறு, நமது அரசியல் வேறு. அவர் பணிந்தது ஒரு பேரரசனுக்கு. அதையும் மறைக்கமாட்டோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எம்டன் கதையை எழுதுங்கள், பணம் குவியும் என்றார்கள். எழுத மறுத்தார் முல்லர். உடன் நின்று மடிந்த தோழர்களின் குருதியைக் காசாக்குவதாகும் என்று அவர் நெஞ்சு உறுத்தியது!

தோழர்களே! தடியடி பட்டவன் பெயரைச் சொல்லிப் பதவி கேட்போரை நாம் அறிவோம். மறைந்தவர் படத்துக்கு மாலை சூட்டி, அந்த மாலை வாடுமுன் தமக்கு நாற்காலி தேடுவோரை அறிவோம். வேற்று நாட்டான், கூலியும் கொடியும் வேறானவன், அவனுக்கு இருந்த கூச்சம் நமக்கு வேண்டாமா? கொடி கட்டியவனின் வியர்வை கொடி ஏற்றியவனின் சொத்து ஆகிவிடலாமா?

அடுத்தமுறை "எம்டன்" என்று சொல்லும்போது, ஏய்ப்பவனை மட்டும் எண்ணாதீர்கள். கப்பலின் அடித்தட்டிலே கரி அள்ளிப் போட்டு, பெயரும் இல்லாமல் வெந்து மடிந்தவர்களை எண்ணுங்கள். அவர்களை விற்க மறுத்த ஒருவரையும் எண்ணுங்கள்.