கூந்தலைக் கண்டோம், குடலைக் காணவில்லை



சென்ற பள்ளி விடுமுறையில் செரண்டா சந்தையில் என் பழைய மாணவி ஒருத்தியின் தாயாரைச் சந்தித்தேன். இடுப்பளவு இரட்டைப் பின்னலோடு என் ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை அவள். இப்பொழுது நான்காம் படிவம். "முடியெல்லாம் கொட்டிவிட்டது ஆசிரியரே, எல்லாம் உடம்புச் சூடுதான்" என்றார் தாயார். நானும் பெரிய அறிவாளியைப் போலக் கரிசலாங்கண்ணித் தைலத்தைப் பரிந்துரைத்துவிட்டு வந்தேன்.

அப்பிள்ளைக்குக் குடல் அழற்சி நோய் என்பதும், மருத்துவமனை மாத்திரைதான் முடியைக் கொட்டச் செய்கிறது என்று எண்ணி அதனை வீட்டிலேயே நிறுத்திவிட்டனர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. சில வாரங்களில் இரத்தப்போக்கு மிகுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். என் தைல அறிவுரையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டையும் சேர்த்தே குடல் அழற்சி நோய் என்கிறோம். இது வெள்ளைக்காரர் நோய் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஈப்போவை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பெற்று 2015-இல் வெளிவந்த ஆய்வு, மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் இந்தியரிடமே இந்நோய் மிகுதி என்று காட்டியது. நம் வீடுகளிலோ மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்போம். முடி கொட்டினால் சூடு என்போம். இரண்டிற்கும் வெந்தயமும் இளநீரும் கொடுப்போம். இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுவதில்லை.

முடி ஏன் கொட்டுகிறது? நோய் கடுமையாகி உடல் நலியும்பொழுது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும்பகுதி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுநிலைக்குச் செல்கிறது. அவை உடனே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே உதிரும். குழப்பமே இங்குதான். அதற்குள் மருத்துவம் தொடங்கி வயிறு சற்றுத் தேறியிருக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும்பொழுது கையிலிருப்பது புது மாத்திரை. எனவே பழி மாத்திரை மேல் விழுகிறது. இவ்வகை உதிர்வில் வேர் அழிவதில்லை. நோய் அடங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி மீண்டும் முளைக்கும். ஆனால் மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய பின்னலைக் காணப் பல ஆண்டுகள் ஆகும். இரத்தப்போக்கினால் இரும்புச்சத்தும், நீடித்த வயிற்றுப்போக்கினால் துத்தநாகமும் குறைவதும் காரணங்களே. இவற்றைப் பரிசோதித்து ஈடுசெய்யலாம்; தைலத்தால் ஈடுசெய்ய இயலாது.

மாத்திரை முற்றிலும் குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. மெத்தோட்ரெக்சேட் முடியை மெலியச் செய்யக்கூடும். அசாதயோபிரின் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்.யு.டி.டி.15 என்னும் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது, ஆசியரிடம் அதிகம். அம்மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் இம்மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே தலை முடியை ஏறக்குறைய முழுவதும் இழக்கலாம். அதோடு இரத்த வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையும். கொரிய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் வழி 2014-இல் இது வெளிச்சத்திற்கு வந்தது. ஆகவே மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் முடி திடீரெனக் கொட்டினால் அன்றே மருத்துவரை அழைத்து இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதனை அழகுப் பிரச்சினை என்று தள்ளிவைக்காதீர்கள். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். குறிப்பாக, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து.

மருத்துவர்கள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணிடம் வயிற்றைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்பவர், தலையைப் பற்றி ஒன்றாவது கேட்கலாம் அல்லவா? அவள் வகுப்பில் "மொட்டை" என்ற பட்டப்பெயரைச் சுமந்தாள். மாத்திரையை நிறுத்தச் சொன்னது தாயார் மட்டுமல்லர்; அந்தப் பட்டப்பெயரும்தான்.

பத்துமலைக்குச் சென்று முடியிறக்கினால் அடர்த்தியாக வளரும் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறியிருக்கிறார். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடேன். ஆனால் மழிப்பதால் முடியின் எண்ணிக்கை கூடாது.

இப்பொழுது அவள் மீண்டும் மாத்திரை உட்கொள்கிறாள், இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து. பள்ளியில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று தாயார் கேட்டார். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் ஆகின்றன. பள்ளியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.