படகின் அடியையும் பார்க்க வேண்டும்



சென்ற இதழில் வலை பொத்துவது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த சிலர், "வலையை விடுங்கோ, படகைப் பற்றி எழுதுங்கோ" என்று கேட்டிருந்தார்கள். படகு சொந்தமாக இருந்தும் கடலுக்குப் போக ஆண் துணை இல்லாத வீடுகள் எங்களிடையே நிறைய. படகைப் பங்குக்கு விட்டுவிட்டு, கரையில் இருந்து காசை மட்டும் எண்ணுகிறோம். அந்தக் காசில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதைத்தான் இம்முறை சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். மீள்குடியேறிய பின், செல் துண்டு பட்ட ஓட்டைகளை அடைத்து ஒரு பைபர் படகை மீட்டெடுத்தார். அதை உறவுக்காரத் தம்பி ஒருவருக்குப் பங்குக்குக் கொடுத்திருந்தார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது உங்களுக்கு மறந்திருக்காது. செலவு கழித்துப் பார்த்தால் அக்காவின் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "மீன் இல்லை அக்கா" என்றான் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுக்காரணமும் அதுவல்ல.

இஞ்சின் பழுதாகிப் படகைக் கரைக்கு இழுத்த அன்றுதான் அக்கா அதன் அடியைக் கண்டார். பச்சைப் பாசி தாடி மாதிரித் தொங்கியது. அதற்குள் கல்லுக் கல்லாகச் சிறு சிப்பிகள். "வீட்டுப் பானை இப்பிடி இருந்தா விடுவனோ?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கல் போன்றவை பார்வைக்குத்தான் சிப்பி. உண்மையில் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தவை. குஞ்சாக நீந்தி வந்து ஓரிடத்தில் தலையை ஒட்டிச் சுற்றிவரச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்ளும். பிறகு அசையாது. வழவழப்பாக இருக்க வேண்டிய அடி சொரசொரப்பானால் தண்ணீர் படகைப் பிடித்து இழுக்கும். அதே தூரம் ஓட இஞ்சின் கூட எரிக்கும். அக்காவின் படகு 15 லீற்றர் குடித்த ஓட்டத்துக்கு, அடி துப்புரவாக்கிய பின் 12 போதுமாக இருந்தது. அன்றைய விலையில் அந்த 3 லீற்றர் 1,020 ரூபா. பிறகு விலை இறங்கினாலும் பழைய 87 க்குத் திரும்பவில்லை.

செலவுக்கு முன் ஒரு விடயம். முல்லைத்தீவுப் பக்கம் போல ஒவ்வொரு நாளும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு இந்த விசேட அடிப் பெயின்ற் அநேகமாகத் தேவையில்லை. காய்ந்தால் பாசி செத்துவிடும், மணலில் உரஞ்சிப் பெயின்ற்றும் போய்விடும். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். நாட்கணக்காகத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குத்தான் அது வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

படகைப் பனங்குற்றி மேல் ஏற்றியதும் சுணங்காமல் வேலையைத் தொடங்குங்கள். ஈரமாக இருக்கும்போது பாசியும் சிப்பியும் சுகமாகக் கழரும், காய்ந்துவிட்டால் சீமெந்து. பலகைத் துண்டையோ முனை மழுங்கிய தகட்டையோ சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். கத்தியால் கொத்த வேண்டாம். பைபரின் மேலே ஜெல்கோட் என்ற மினுக்கப் பூச்சு இருக்கிறது. அது வெடித்தால் தண்ணீர் உள்ளே ஊறிக் கொப்புளம் போடும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் சிலவற்றின் தரமே குறைவு, அவற்றில் இன்னும் கவனம். பிறகு தேங்காய்த் தும்பால் உரஞ்சி, உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய பெயின்ற் உரிந்து நின்றால் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். கட்டாயம் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். அடிப் பெயின்ற்றில் பெரும்பாலும் செம்புச் சேர்வை இருக்கும். உயிரினங்கள் ஒட்டாமல் தடுக்கும் நஞ்சு அதுதான். அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. வாயையும் மூக்கையும் மூடுங்கள், கையுறை போடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலைக்குப் போக வேண்டாம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கீழே தறப்பாள் விரித்துச் சுரண்டியதை அள்ளிக் கட்டுங்கள். அதைக் கடலிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். முன்பு தகரச் சேர்வை கலந்த பெயின்ற் கப்பல்களுக்குப் பூசப்பட்டது. அதனால் பல நாடுகளில் சங்கு, சிப்பி இனங்கள் அழிந்ததால் சர்வதேச உடன்படிக்கை அதைத் தடை செய்தது. அது 2008 இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பெண்கள் மட்டி பொறுக்குவதும் இதே தண்ணீரில்தான்.

வெடிப்பு இருந்தால் பைபர் துணியும் ரெசினும் வைத்து அடைத்து இறுக விடுங்கள். ரெசினை இறுகச் செய்யும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைத் தெரிந்த ஒருவரிடம் விடுவதே நல்லது.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு. வெறும் பைபர் தெரியும் இடத்தில் முதலில் பிறைமர். அடிப் பெயின்ற்றை ரின்னின் அடி தட்டும்வரை கம்பால் கிளறுங்கள். செம்பு பாரமானது, அடியில் படிந்துவிடும். அக்கா முதல் தரம் கிளறாமல் பூசி, பாதிப் படகுக்கு வெறும் நிறத்தைத்தான் பூசியிருக்கிறார்! இரண்டு பூச்சு, அணியத்திலும் தண்ணீர் மட்டத்திலும் மூன்றாவது. ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்குள் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் ரின்னிலேயே எழுதியிருக்கும். ஆங்கிலமென்றால் படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள்.

பெண் படகில் கை வைக்கக் கூடாது என்று சொல்லும் ஊர்களும் உண்டு. படகுக் கடனுக்குக் கையெழுத்து வைக்கும்போது மட்டும் அந்தக் கை குற்றமில்லையாம்!

யார் செலவழிப்பது என்பதில்தான் சண்டை வரும். அக்கா தம்பியைக் கூப்பிட்டு, பங்கு பிரிக்க முன்னரே ஒவ்வொரு நாளும் சிறு தொகையைப் படகுக்கென்று எடுத்து வைக்கப் பேசிக்கொண்டார். முதலில் முகம் சுளித்தவன், மண்ணெண்ணெய் மிச்சத்தைக் கண்டதும் சரியென்றான். இப்போது எத்தனை லீற்றர் போனது என்பதை இருவரும் ஒரே கொப்பியில் எழுதுகிறார்கள். லீற்றர் கூடத் தொடங்கினால் அக்கா படகைப் புரட்டச் சொல்கிறார்.

கடைசியாக, வெறும் ரின் பார்க்க நல்ல வாளி மாதிரி இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அதில் தண்ணீர் அள்ளவோ அரிசி போடவோ வேண்டாம். அடியில் ஓட்டை போட்டே எறியுங்கள்.