தர்மாமீட்டர் வைத்தது யார்?

நட்சத்திர மண்டலங்களுக்கு இடையே கிடக்கும் வாயு, சுமார் 1200 கோடி வருஷங்களுக்கு முன் எவ்வளவு உஷ்ணமாயிருந்தது என்று வானநூலார் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று நாம் சொன்னால், "அங்கே போய்த் தர்மாமீட்டர் வைத்தது யார்?" என்று சில பண்டிதர்கள் கெக்கலி கொட்டுகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஈரேழு பதினாலு லோகங்களையும் அளந்து வைத்திருக்கும் தங்கள் புராணங்களிடம் இதே கேள்வியை இவர்கள் ஒரு நாளாவது கேட்டதுண்டா என்பதே நமது சந்தேகம். அது நிற்க.

வெகு தூரத்தில் க்வேசார் என்னும் பேரொளிப் பிண்டங்கள் இருக்கின்றன. அவற்றின் வெளிச்சம் வருகிற வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு, தனக்குரிய நிறத்தை மாத்திரம் விழுங்கிவிடுகின்றது. ஆகவே அவ்வெளிச்சத்தை நிறம் நிறமாய்ப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். ஆகாயம் விரிந்துகொண்டே போவதால் ஒவ்வொரு தூரத்து வாயுவின் கோடும் ஒவ்வொரு இடத்தில் விழும். அந்த இடத்தைக் கொண்டே வாயுவின் காலம் தெரிந்துவிடும். 1971-ல் ரோஜர் லிண்ட்ஸ் என்பவர் இக்கோட்டுக் கூட்டத்தைக் கண்டு சொன்னார்.

இனி உஷ்ணம். வாயு சூடேறினால் அதன் அணுக்கள் வேகமாய் ஓடும். நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் ஒரு சுரமாயும், விலகிப் போகும்போது வேறு சுரமாயும் கேட்கிறதல்லவா? அதுபோல் ஓடுகிற அணுக்கள் விழுங்கும் நிறமும் இப்புறமும் அப்புறமும் நகர, கோடு அகன்று போகும். அவ்வகலமே தர்மாமீட்டர்!

அகலத்திற்கு ஆகாய விரிவும் ஒரு காரணமாதலால், இரண்டையும் பிரித்தறியக் கம்ப்யூட்டரில் மாதிரி வாயு செய்து ஒப்பிட வேண்டும். 2011-ல் ஜார்ஜ் பெக்கரும் கூட்டாளிகளும் 61 க்வேசார்களின் வெளிச்சத்தை இப்படிச் சோதித்தார்கள். சுமார் 1230 கோடி வருஷத்திற்கு முன் கெல்வின் கணக்கில் 8000 டிகிரியாயிருந்தது, 90 கோடி வருஷம் கழித்து 12000-க்குக் குறையாமல் ஏறியிருந்தது. விரிகிற வாயு குளிரவல்லவா வேண்டும்? க்வேசார்களின் கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஹீலிய அணுவில் எஞ்சியிருந்த எலெக்ட்ரானையும் பிய்த்தெறிந்ததால் வந்த சூடு இது என்று முடிவு செய்தார்கள்.

இதைச் சொன்ன அதே கட்டுரையில், பொதுவாக நூற்றுக்கு 8 வரை பிசகு இருக்கலாம் என்றும், வாயுவின் பழைய நிலை சரியாய்த் தெரியாததால் அதே அளவு பிசகு வேறொரு வழியிலும் சேரலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் பண்டிதர்கள் கலியுகம் 4,32,000 வருஷம் என்கிறார்களே, அதில் நூற்றுக்கு எத்தனை பிசகு என்று எழுதியனுப்புவார்களேயானால், அடுத்த வாரமே பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம்.