பெட்டியா, திரையா?

கம்ப்யூட்டர் வாங்கப் புறப்படும் குடும்பங்களில் ஒரு விவாதம் நடப்பதைக் காண்கிறோம். பிள்ளை, விளையாட்டுக்கு வேகம் வேண்டும் என்கிறான். பெண், சித்திரம் தீட்ட வர்ணம் சரியாயிருக்க வேண்டும் என்கிறாள். தகப்பனாரோ, பணம் ஒன்றுதானே என்று பெருமூச்சு விடுகிறார். மூவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

பெரும்பாலோர் பணத்தையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கி வருகிறார்கள். இது பிசகு என்பது நமது அபிப்பிராயம். வினாடிக்கு 144 படங்கள் தயாரிக்கும் இயந்திரத்துடன் 60 ஹெர்ட்ஸ் திரையை இணைத்தால், பாதிக்கு மேற்பட்ட படங்கள் கண்ணுக்கு எட்டாமலே போகும். வர்ணம் பிசகிய திரையில் தீட்டிய சித்திரமோ, அச்சாகி வரும்போதுதான் தன் குறையைக் காட்டும்.

அதற்காக 4கே திரைக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. ஃபுல் ஹெச்.டி. திரையைப் போல் அதில் நான்கு மடங்கு புள்ளிகள். விளையாட்டில் அத்தனையையும் விரைந்து நிரப்ப விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படும். 27 அங்குலம், 2560-க்கு 1440 புள்ளிகள், ஐ.பி.எஸ். வகை, பிள்ளைக்காக 144 ஹெர்ட்ஸ், பெண்ணுக்காக எஸ்.ஆர்.ஜி.பி. வர்ணங்களை முழுவதும் காட்டும் திறன் - இதுவே நடுவழி.

மேஜைக் கம்ப்யூட்டரில் 16 ஜி.பி. நினைவகத்துடன் ஆரம்பித்து, பின்னர் 32 ஆக்கிக்கொள்ளலாம். அதற்குக் காலி இடம் உண்டா என்று மட்டும் முன்னரே கேட்டறிக. திரையின் வர்ணத்தையும் வேகத்தையும் பிறகு கூட்ட வழியில்லை. ஆகவே திரையை முதலில் தீர்மானியுங்கள். வீட்டில் சமாதானமும் கூடவே வந்து சேரும்.