தானாகத் திறக்கும் பூட்டு

விரல் நீளம்கூட இல்லாத பென்டிரைவ் ஒன்றுக்குள் இன்று ஒரு குடும்பமே அடங்கிவிடுகிறது. அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகத்தின் படம், பெண்கள் மட்டும் கூடியிருந்த கலியாண வீட்டில் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். அது தொலைந்தால் யார் கையிலும் சிக்கலாம். ஆகவே அதனை மறைகுறியாக்கம் செய்து கடவுச்சொல்லால் பூட்டி வைப்பது அவசியம். 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த ‘பிட்லொக்கர் டு கோ’, இலவசமாகக் கிடைக்கும் ‘வெராகிரிப்ட்’ ஆகியன இதற்கு உதவுகின்றன.

ஆனால், பூட்டியவர்கள் பலர் ‘இந்தக் கணினியில் தானாகத் திற’ என்ற தெரிவையும் அழுத்தி விடுகிறார்கள். அதன்பின் அந்தக் கணினி சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பென்டிரைவைச் செருகினால் போதும், கேள்வியின்றித் திறந்துவிடும். வீட்டிலுள்ள ஒரே கணினியைத் தம்பியும் அவனது கூட்டாளிமாரும் பாவிக்கும்போது, அந்தப் பூட்டால் என்ன பயன்?

ஒவ்வொரு தடவையும் நீண்ட கடவுச்சொல்லை அடிக்க வேண்டுமென்றால், அலுப்பில் பூட்டுவதையே விட்டுவிடுவார்கள் எனச் சிலர் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. தனக்கு மட்டுமே உரிய, கடவுச்சொல் இட்ட மடிக்கணினியில் தானாகத் திறப்பதை நானும் எதிர்க்கவில்லை. பலர் பாவிக்கும் கணினியில் மட்டும் அது கூடவே கூடாது.

தானாக மூடுவதோ வேறு விடயம். ஒருமுறை திறந்த பென்டிரைவ், செருகியபடி இருக்கும்வரை எவருக்கும் திறந்ததுதான். தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ எழுந்து போகும் நாம் அதனை மறந்துவிடுவோம், இயந்திரம் மறக்காது. நாம் குறித்த நிமிடங்கள் வரை எதுவும் வாசிக்கப்படாமலும் எழுதப்படாமலும் இருந்தால் தானாக மூடிவிடும் வசதி வெராகிரிப்டில் உண்டு. திரை ஓய்வுக்குப் போகும்போது மூடவும் அதனைப் பணிக்கலாம். வேலையை அவ்வப்போது சேமித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டும். இறுதியில் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை அழுத்தாமல் பிடுங்குவதும் தவறு. எழுதி முடியாத கோப்பு பழுதாகிவிடலாம்.

அச்செடுக்கும் கடைக்குச் செல்லும்போது பூட்டிய பென்டிரைவைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே கடவுச்சொல்லை அடிப்பதே ஆபத்து. தேவையான ஆவணத்தை மட்டும் வேறொன்றில் எடுத்துச் செல்வோம்.

அந்தப் புகைப்படங்களில் இருப்பது நாம் மட்டுமல்ல. ராத்தாவும் மாமியும் மச்சிமாரும் நம்மை நம்பித்தான் கெமராவின் முன் நின்றார்கள். அது அமானிதம். அதனைத் திறக்கும் வேலையை நம் கையிலேயே வைத்துக்கொள்வோம். மூடும் வேலையைக் கணினியிடம் ஒப்படைப்போம்.