எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்: செவிலியர் ‘பற்று’ என்னும் மோசடி

செவிலியர்களின் ‘நிறுவனப் பற்றுறுதி’யை அளந்துவிட்டதாகச் சொல்லும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் என்பதால் அவற்றை வாசிப்பது என் வேலை. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. செவிலியருக்கு அதிகாரமளித்தால் பற்று கூடும், ஆகவே பயிற்சி முகாம் நடத்துங்கள், ‘சிறந்த செவிலியர்’ விருது கொடுங்கள், யோகா சொல்லிக்கொடுங்கள். சம்பளம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். சாதி வரவே வராது.

இத்துறையில் பரவலாகப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்றை 1979இல் அமெரிக்காவில் மௌடே, ஸ்டியர்ஸ், போர்ட்டர் ஆகியோர் வெளியிட்டார்கள். 15 கூற்றுகள். எந்த அளவுக்கு உடன்படுகிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். இங்கேயே நீடிப்பதற்காக ஏறக்குறைய எந்த வேலையைக் கொடுத்தாலும் ஏற்பேன் என்பது அவற்றில் ஒன்று. முழுமையாக உடன்பட்டால் உங்களுக்குப் பற்று அதிகம்.

அமெரிக்க அலுவலகத்தில் அது ஆர்வத்தின் அடையாளமாக இருக்கலாம். நம் ஊரில் எந்த வேலையையும் செய் என்று யார் யாரிடம் சொல்லி வந்திருக்கிறார்கள்? சேரியிலிருந்து படித்து வந்த ஒரு பெண்ணிடம் அதே வாக்கியத்தை நீட்டி, அவள் தலையாட்டுவதைப் ‘பற்று’ என்று எழுதிக்கொள்வதற்குப் பெயர் ஆய்வா?

களப்பணியில் ஒரு தனியார் மருத்துவமனைச் செவிலியர் என்னிடம் சொன்னார்: “ஆயாம்மா லீவு போட்டா பெட்பேன் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஏன்னு நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும்.” அவர் தலித். உடன் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் அதே படிப்பு, அதே கவுன்சில் பதிவுதான். அந்தக் கூற்றுக்கு அவர் என் கண்முன்னே முழு மதிப்பெண் போட்டார். நர்சிங் சூப்பரிண்டெண்ட் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

மேலாண்மை அறிஞர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்ல. 1991இலேயே மேயரும் ஆலனும் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, கடமையென்று இருப்பது, போனால் இழப்பு என்பதால் இருப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். கல்விக் கடன் கழுத்தில் இருக்கிறது, அசல் சான்றிதழ் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கிறது. பாண்டு முறைக்கும் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கும் எதிராகத்தான் 2011-12இல் மும்பையிலும் கேரளத்திலும் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆய்வேடுகளை நான் வாசித்திருக்கிறேன். கட்டிப்போடப்பட்டவரும் காதலிப்பவரும் அங்கே ஒரே எண்.

‘அதிகாரமளித்தல்’ கதை இன்னும் மோசம். 1977இல் ரோசபெத் கான்டர் எழுதியது தெளிவானது. வாய்ப்பு, தகவல், ஆதரவு, வளம் ஆகியவை எந்த இருக்கைக்குப் போய்ச் சேர்கின்றனவோ அங்கேதான் அதிகாரம் இருக்கிறது. அது ஆளின் மனநிலை அல்ல, அமைப்பின் ஏற்பாடு. நம்மவர்கள் அதைத் தன்னம்பிக்கை வகுப்பாகச் சுருக்கிவிட்டார்கள்.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து அந்த வாக்குறுதியைக் கேட்க வேண்டியிருந்தது. 2020 மே 3 அன்று ஹெலிகாப்டரில் வந்து மருத்துவமனைகள்மீது பூத் தூவினார்கள். அந்தக் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31உடன் தமிழக அரசு வீட்டுக்கு அனுப்பியது. ஊழியருக்கு நிறுவனத்தின்மீது எவ்வளவு பற்று என்று அளக்க எத்தனையோ கேள்வித்தாள்கள் இருக்கின்றன. நிறுவனத்துக்கு ஊழியர்மீது எவ்வளவு என்று யாரும் இப்படி அளப்பதில்லை.

ஒரே வார்டில் நிரந்தரச் செவிலியர், ஒப்பந்தச் செவிலியர், ஆயாம்மா, தூய்மைப் பணியாளர். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இதை அளக்காத கருவி எதை அளக்கிறது?

தனியார் செவிலியர் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் 2016இல் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. யோகா பரிந்துரைக்கும் ஆய்வாளர்கள் ஒருமுறையாவது அதை மேற்கோள் காட்டட்டும்.

என் கேள்வித்தாளில் நான்கு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் சாதி என்ன? நிரந்தரமா, ஒப்பந்தமா? கடன் எவ்வளவு பாக்கி? உங்கள் அசல் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது? இரண்டு மருத்துவமனைகள் அனுமதி மறுத்துவிட்டன. ஓரிடத்தில் மனிதவள அதிகாரி முதல் கேள்வியை மட்டும் எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். எடுக்க மாட்டேன். மூன்றாவது மருத்துவமனையில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.