முதல் ஆர்டரை யார் கொடுப்பது?

2023 டிசம்பரில் வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்த எண்ணெயை அள்ள மீனவர்களையே கூலிக்கு அமர்த்தலாம் என்று முடிவெடுத்தவர்கள், நெட்டுக்குப்பம் கரையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். முழங்கை வரை கறுப்பு. கையில் பிளாஸ்டிக் மக். ஃபைபர் படகின் நடுவே டிரம். அள்ளியவரின் வலையும் அதே எண்ணெயில்தான் நாசமாகிக் கிடந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் வந்து இறங்கிப் பல நாள் கழித்துத்தான் உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன.

இதற்கான கருவிகளைச் செய்ய ஊரில் ஆளில்லையா? சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து குழாய்களைக் கண்காணிக்க 'டிடெக்ட்', நீருக்கடியில் இறங்கிச் சோதிக்க 'பிளானிஸ்' என்று நிறுவனங்கள் கிளம்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவை தாக்குப்பிடித்தவை. மற்ற இளம் நிறுவனத்தார் டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் சிக்கி, மணலிக்கும் எண்ணூருக்கும் ஃபைலோடு அலைகிறார்கள்.

'உங்களுக்கு மார்க்கெட்டிங் தெரியவில்லை' என்று அவர்களுக்குப் பாடம் வேறு நடக்கிறது. சோப்பு விற்பவர் கடை கடையாக ஏறலாம். கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சாரை வாங்க இங்கே இருப்பது சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், அனல்மின் நிலையம் என விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்கள்தான். ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி, 'இதற்கு முன் யாருக்கு சப்ளை செய்தீர்கள்?' எல்லோரும் இதையே கேட்டால் முதலில் வாங்குவது யார்? டெமோ காட்டச் சொல்வார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பைலட் என்று மாதக்கணக்கில் இலவசமாக ஓட்டுவார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும் வராது. இளம் நிறுவனங்களுக்கு முன்அனுபவ நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று மத்திய அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. தளர்த்தினால் நாளை ஆடிட்டில் கேள்வி வரும். எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், என்று எழுதி வாங்கினால் வராது. அவ்வளவுதான் வாங்கும் அதிகாரிகளுடைய விஞ்ஞானம்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெயே கசியவில்லை என்றார்கள். பிறகு ராமகிருஷ்ணா நகர்க் குப்பத்துப் பாறைகளில் வாளி வாளியாக அள்ளினார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டியபோது ஆய்வுக்குழு வந்து போனது. சாம்பல் அங்கேயே கிடந்தது. கப்பல் மோதலுக்கும் 2023 கசிவுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். ஒரு இளம் நிறுவனத்தை அழைத்து, 'இதோ கால்வாய், செய்து காட்டு, பலித்தால் வாங்குகிறோம்' என்று யாரும் சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. மாநாட்டு மேடையில் மட்டும் 'புத்தாக்கம்' கொடிகட்டிப் பறக்கிறது.

கொள்முதல் முறை மாறியாக வேண்டும். எப்படி என்பதை விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசட்டும். அதுவரை, அடுத்த கசிவில் படகில் மக்கோடு நிற்கப்போகிறவர்களுக்குக் கையுறையாவது வாங்கிக் கொடுங்கள். அதை விற்பவரிடம் மூன்றாண்டு முன்அனுபவச் சான்றிதழ் கேட்காமல் இருந்தால் சரி.